ஜன்னலுக்கு வெளியே தென்னை, உள்ளே அடுப்படி

“வீட்டுக்குள்ளிருந்து படம் எடுத்தால் ஜன்னல் மட்டும் வெள்ளையாக வெளுத்துப் போகிறதே, ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நம் கண் பார்க்கும் இடத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். கேமரா முழுக் காட்சிக்கும் ஒரே அளவு நேரம்தான் திறந்திருக்கும். ஒளியைப் பதியும் சென்சாரின் ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, ஒளியால் நிரம்பிவிட்டால், அதற்கு மேல் விழுவது கணக்கில் வராது. மிகக் குறைவாக விழுந்தாலோ இரைச்சலில், அதாவது சென்சாரின் தற்செயலான ஏற்ற இறக்கத்தில், தொலைந்துவிடும்.

இதற்கு ஒரு வழி எச்டிஆர் (HDR): வெவ்வேறு நேர அளவில் எடுத்த பல படங்களைச் சேர்த்து, இருட்டும் வெளிச்சமும் தெரியும் ஒரே படமாக்குவது. எங்கள் அடுப்படியில் செய்து பார்த்தேன். கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று படங்கள்: 1/15, 1/125, 1/1000 விநாடி. ரா கோப்பின் (சென்சார் பதிந்ததை வளைக்காமல் வைத்திருக்கும் கோப்பு) எண்களை 0 முதல் 255 வரை என்று சுருக்கிச் சொல்கிறேன். அடுப்பு மூலையில் கரி பிடித்த வாணலி, 1/15இல் 120. 1/125இல் 15. 1/1000இல் வெறும் 2, அதை நம்ப முடியாது. தென்னங்கீற்றோ முதல் இரண்டிலும் 255, அதாவது நிரம்பிவிட்டது. மூன்றாவதில் 90.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒவ்வொரு எண்ணையும் அது பதிவான நேரத்தால் வகுங்கள். வாணலிக்கு 120-ஐ 1/15ஆல் வகுத்தால் 1800. 15-ஐ 1/125ஆல் வகுத்தால் 1875. இரண்டு தனித்தனிப் படங்கள், கிட்டத்தட்ட ஒரே விடை! கீற்றுக்கு 90,000. கீற்று வாணலியைவிட 50 மடங்கு பிரகாசம் என்பது கையில் கிடைத்துவிட்டது. நிரம்பியதையும் இரைச்சலில் கிடப்பதையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள எண்களுக்கு அதிக மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுத்தால் போதும். எச்டிஆரின் உயிர்நாடி இந்த வகுத்தல்தான்.

வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கில் இது நேரடியாகச் செல்லாது. கேமரா எண்களை ஏற்கெனவே வளைத்திருக்கும், இரு மடங்கு ஒளிக்கு இரு மடங்கு எண் என்று இருக்காது. எவ்வளவு வளைத்தது என்பதையும் அந்தப் படங்களிலிருந்தே கண்டுபிடிக்கும் வழியை 1997இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெளியிட்டார்கள். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு அது. கைபேசியில் கேமராவே வராத காலம். உடனடிப் பயனை மட்டும் பார்த்து ஆய்வுக்குப் பணம் ஒதுக்குவது தவறு என்று நான் நினைப்பது இதனால்தான்.

இதற்கும் வெகு முன்பே, 1850களில், பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து ஒரே தாளில் அச்சிட்டிருக்கிறார்.

சரி, சேர்த்தாயிற்று. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே அவ்வளவு வீச்சைத் திரை காட்டாது என்பதால் சுருக்க வேண்டும். பலர் இங்கேதான் அளவு மீறுகிறார்கள், விளிம்பெல்லாம் ஒளிவட்டம். நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். வாணலியின் கரி தெரிந்தது, வெளியே பச்சையும் தெரிந்தது. ஆனால் இடையில் காற்று அடித்திருக்கிறது. அசைந்த கீற்றின் ஓரத்தில் மட்டும் மங்கலாக இன்னொரு கீற்று.