லபுக்கலை இறக்கத்தில் உறுமிய என்ஜின்

நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். லபுக்கலைத் தோட்டத்து வளைவுகளில் பெற்றோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வகையான, நண்பரின் பழைய டொயோட்டா பிரியஸ் கார் திடீரென்று உறுமத் தொடங்கியது. அவர் கால் அக்ஸிலரேட்டரில் இல்லை. பாதையோ முழு இறக்கம். பின்னால் இருந்த அவருடைய அம்மா, "என்ன மகன், என்ஜினில் ஏதும் கோளாறா?" என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். பற்றரிப் படத்தின் எட்டுக் கட்டங்களும் நிரம்பிப் பச்சையாக இருந்தன.

இந்த உறுமல் பிரியஸ் வைத்திருக்கும் மலைநாட்டுக்காரர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் நண்பருக்கு அன்று வந்தது கோபம். பெற்றோலை மிச்சம் பிடிப்பதற்காக, வீட்டுப் பிளக்கில் சார்ஜ் செய்யக்கூடிய மேலதிக பற்றரி ஒன்றை அப்போதுதான் காரில் பூட்டியிருந்தார். அதற்கு முன்பு கொஞ்சத் தூரம் இறங்கிய பிறகு வந்த சத்தம், இப்போது மலை இறங்கத் தொடங்கியதுமே வருகிறது. பெரிய பற்றரி போட்டால் சத்தம் குறையத்தானே வேண்டும்?

மழைக்காலத்தில் நாம் அடிக்கடி கேட்கும் செய்தி ஒன்று உண்டு: நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திர நீர்த்தேக்கத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. தேக்கம் சிறியது, வரும் தண்ணீர் அதிகம், மிஞ்சியது டர்பைனைத் தொடாமலே ஓடுகிறது. ஹைபிரிட் கார் மலை இறங்கும்போது நடப்பதும் இதுவே. சக்கரம் மோட்டாரைச் சுழற்றுகிறது, மோட்டார் மின்னாக்கியாக மாறிப் பற்றரியை நிரப்புகிறது. நிரம்பிய பின் மின்சாரத்தை எங்கே விடுவது? பெற்றோல் இல்லாமல் என்ஜினை வெறுமனே சுழற்றி, அதன் உள் உராய்விலும் காற்றை அமுக்குவதிலும் செலவழிக்கிறது கார். கேட்ட உறுமல் வான்கதவின் சத்தம்.

எவ்வளவு வழிந்தோடுகிறது என்று கணக்குப் பார்க்கலாம். கிலோவாற் மணி என்பதை மின்பட்டியலில் அலகு என்கிறோம், அதையே வைத்துக்கொள்வோம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கண்டி ஏறத்தாழ 500. ஆட்களோடு 1500 கிலோ எடையுள்ள கார் இவ்வளவு உயரம் இறங்கினால் வெளிப்படும் சக்தி 5.6 அலகு. இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரி கொள்வதோ 1.3 அலகு. அதிலும் ஆயுளைக் காப்பதற்காகக் காரின் கணினி பெரும்பாலும் 40 முதல் 80 சதவீதம் வரைதான் பயன்படுத்தும். ஆகவே உண்மையான இடம் அரை அலகு. ஒவ்வொரு 100 மீற்றர் இறக்கத்திலும் வெளிப்படும் 0.4 அலகில் டயரும் காற்றும் தின்றது போக, மாற்றத்தில் வீணாவதும் போக, சுமார் 0.2 அலகு பற்றரிக்கு வரும். 250 மீற்றர் இறங்குவதற்குள் பற்றரி நிரம்பிவிடும். மிச்சம் ஆயிரத்துச் சொச்ச மீற்றரின் பெரும்பகுதி உறுமலுக்குப் போகிறது.

கொழும்பில் ஓடும் காருக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு கொஞ்சம் நிரம்பும், கொஞ்சம் கரையும். சின்னப் பற்றரியே போதும்.

பிளக்-இன் மாற்றம் புதிய யோசனை அல்ல. 2004இலேயே கலிபோர்னியாவில் கால்கார்ஸ் என்ற குழு ஈய அமில பற்றரிகளை ஒரு பிரியஸின் பின்புறம் அடுக்கிச் செய்து காட்டியது. 2012இல் டொயோட்டாவே 4.4 அலகு கொண்ட பிளக்-இன் பிரியஸை விற்பனைக்கு விட்டது. நம் நாட்டில் பலருக்கு இந்த ஆசை 2022இல் பிறந்தது. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய், காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், அதற்கும் கியூஆர் அட்டையோடு ஷெட் வரிசை. போதாக்குறைக்கு 2020 முதல் வாகன இறக்குமதிக்கும் அப்போது தடை இருந்தது. இருக்கும் காரைத் திருத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

மாற்றத்தில் இரண்டு வகை உண்டு. நண்பரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஒன்று, காரின் பற்றரியோடு அதே உயர்மின்னழுத்தமுள்ள, 200 வோல்ற்றுக்கு மேற்பட்ட லிதியம் பற்றரியை இணையாகப் பூட்டுவது. அதில் மின்சாரம் இரு பக்கமும் போய்வரும். மற்றது மலிவு வகை; நண்பர் பூட்டியிருந்தது அதுதான். குறைந்த வோல்ற்று பற்றரி ஒன்றை வைத்து, ஒரு மாற்றி மூலம் அதன் மின்சாரத்தைக் காரின் பற்றரிக்குள் தள்ளிக்கொண்டே இருப்பது. கணினி பார்க்கிறது: பற்றரி எப்போதும் நிறைந்திருக்கிறது, ஆகவே தாராளமாகச் செலவழிக்கலாம் என்று முடிவு செய்கிறது. சமதரையில் இந்த ஏமாற்று நன்றாகவே வேலை செய்யும். ஆனால் இது ஒருவழிப் பாதை. வெளியிலிருந்து உள்ளே வரும், உள்ளிருந்து பெரிய பற்றரிக்குத் திரும்பாது. மலை உச்சியில் ஏற்கெனவே நிரம்பிய சின்னப் பற்றரியோடு இறங்கினால், முதல் வளைவிலேயே வான்கதவு திறக்க வேண்டியதுதான். பூட்டிக்கொடுத்த கராஜ் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாற்றிக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. இறங்குவதற்குச் சில கிலோமீற்றர் முன்பே அதை அணைக்கத் தொடங்கியதும் நிலைமை பழையபடி ஆனது, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

பிறகு அவர் இருவழி வகைக்கு மாறினார். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். மெக்கானிக் முழங்கைவரை ரப்பர் கையுறை போட்டு, பின்பக்கமிருந்த, பற்றரியின் உயர்மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் செம்மஞ்சள் நிறப் பிளக்கை இழுத்துக் கழற்றி, தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேறு யாரும் தவறுதலாகத் திரும்பச் செருகிவிடக் கூடாதாம். அதன் பிறகும் பத்து நிமிடம் எதையும் தொடவில்லை. மின்தேக்கிகளில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியவேண்டும். 200 வோல்ற்று நேர்மின்னோட்டம் ஆளைக் கொல்லும். அந்த மின்சாரம் ஓடும் செம்மஞ்சள் கேபிளில் அனுபவமில்லாதவர் கை வைக்கவே கூடாது. ஒவ்வொரு கலத்தின் அழுத்தத்தையும் சூட்டையும் கவனித்துத் துண்டிக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று இல்லாத லிதியம் பற்றரியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உபரி டயர் இருந்த குழியில் புதுப் பற்றரி உட்கார்ந்துகொண்டது. எடை ஒரு மூட்டை சீமெந்து அளவு. இறம்பொடையில் டயர் வெடித்தால் என்ன செய்வது என்று கேட்டேன். டயர் இப்போது பொதிகளோடு பயணிக்கிறது.

இனிப் பணக் கணக்கு. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 அலகு வெப்பம் இருக்கிறது. நல்ல என்ஜினும் அதில் மூன்றிலொரு பங்கைத்தான், அதாவது 3 அலகைச் சக்கரத்துக்குக் கொடுக்கும். 4 அலகு பயன்தரும் பற்றரி, இழப்புப் போகச் சக்கரத்துக்குக் கொடுப்பதும் சுமார் 3 அலகு. ஆக, ஒரு முழுச் சார்ஜ் என்றால் ஒரு லீற்றர் பெற்றோல். அவ்வளவுதான். விளம்பரங்களைப் படிக்கும்போது இந்த ஒரு எண்ணை மனதில் வைத்திருங்கள். அந்தச் சார்ஜுக்குச் சுவரிலிருந்து 5 அலகுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். மாதம் 25 நாள் சார்ஜ் செய்தால் கிட்டத்தட்ட 120 அலகு கூடும். வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. 180 அலகைத் தாண்டியவருக்கு மிக உயர்ந்த விலை. எனவே சராசரி விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், உங்கள் பட்டியலின் கடைசி அலகின் விலையை ஐந்தால் பெருக்கி ஒரு லீற்றர் பெற்றோலோடு ஒப்பிடுங்கள். மெல்லிய பழைய வயர் ஓடும் லயத்து வீட்டில் மணிக்கணக்காக 2 கிலோவாற் இழுப்பதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

மின்சாரத்திலேயே கார் எப்போதும் ஓடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. நுவரெலியாவின் காலைக் குளிரில் என்ஜின் தன்னைச் சூடாக்கிக்கொள்ள எப்படியும் ஓடும். ஏற்றத்தில் வேகமாக மிதித்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். மணிக்கு 68 கிலோமீற்றரைத் தாண்டினால் இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் என்ஜின் சுழன்றே ஆகவேண்டும்; கியரமைப்பு அப்படி. இல்லாவிட்டால் காரிலுள்ள இரண்டு மோட்டார்களில் சின்னது அளவுக்கு மீறிச் சுழலும்.

ஆனால் மலைநாட்டுக்காரருக்கு மட்டும் கிடைக்கும் ஓர் இலவசம் உண்டு. இருவழிப் பற்றரி பாதி வெறுமையாக இருந்தால், கண்டிவரையான இறக்கத்தில் முன்பு உறுமலாகப் போன சக்தியில் சுமார் 2 அலகு அதற்குள் சேரும். அரை லீற்றர் பெற்றோல், சதமும் செலவில்லாமல். அதற்கு ஒரே நிபந்தனை: உச்சியிலிருந்து இறங்கும்போது பற்றரியில் இடமிருக்க வேண்டும். அதாவது நுவரெலியாவில் வசிப்பவர் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுக் காலையில் இறங்கினால், வாங்கிய மின்சாரத்தைக் கொண்டே இலவச மின்சாரத்தை விரட்டுகிறார். கீழே நிரப்பி மேலே ஏற வேண்டும்.

நண்பர் சார்ஜரை இப்போது கம்பளையில் அக்கா வீட்டு வாசலில் பூட்டியிருக்கிறார். கண்டி போய்த் திரும்பும் வழியில் அங்கேதான் பகல் சாப்பாடு. இரண்டரை மணித்தியாலம் கார் பிளக்கில் நிற்கும். மின்பட்டியலுக்குப் பணம் கொடுத்தால் அக்கா வாங்குவதில்லை. அதனால் காலையில் இறங்கும்போதே லீக்ஸும் கரட்டும் ஒரு பையில் கட்டி எடுத்துவருகிறார்.