விடுப்பு முடிந்து லே திரும்பும் வீரருக்கு ஓய்வு எதற்கு?

லடாக்கில் பணிபுரியும் தம் மகனை, விடுப்பு முடிந்து லே நகருக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் சில நாட்கள் கடும் வேலை தராமல் ஓய்வில் வைக்கிறார்களே, அங்கேயே ஓராண்டு பழகியவனுக்கு அது எதற்கு என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இந்த விதி பல உயிர்களை இழந்து கற்ற பாடம்.

1962 போரையொட்டி, சமவெளியிலிருந்து விமானத்தில் நேராக 3,500 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும் கொண்டுசெல்லப்பட்ட திடகாத்திரமான இளைஞர்கள், காயம் எதுவுமின்றி, இரண்டு மூன்று நாட்களில் மூச்சுத் திணறி, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி துப்பினார்கள். சிலர் இறந்தும் போனார்கள். நிமோனியா என்று தவறாகக் கருதப்பட்டுவந்த இந்நோய், இதயம் நலமாக இருக்கும்போதே உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதுதான் (ஆங்கிலச் சுருக்கப் பெயர் HAPE) என்று அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூஸ்டன் 1960இல் எழுதினார். இந்திய இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் வீரர்களிடம் கண்டவற்றை 1965இல் வெளியிட்டார்கள். 1969இல் வந்த அவர்களுடைய மலைநோய் (உயரத்தில் வரும் தலைவலி, குமட்டல் போன்ற தொல்லைகள்) ஆய்வு 1,925 வீரர்களைப் பற்றியது.

நீர் ஏன் கோக்கிறது என்பதில்தான் உடலின் ஓர் அழகிய ஏற்பாடு வெளிப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் உடலின் மற்ற பகுதிகளில் இரத்தக் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் அவை சுருங்கும். 1946இல் ஸ்வீடன் நாட்டு உடலியல் அறிஞர்கள் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளிடம் இதைக் காட்டினார்கள். சளி அடைத்த ஒரு மூலைக்கு இரத்தத்தை அனுப்பி வீணாக்காமல், காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடும் அருமையான ஒழுங்கு இது. தாயின் வயிற்றில் காற்றே காணாத குழந்தையின் நுரையீரல் குழாய்கள் சுருங்கிக் கிடப்பதும், முதல் மூச்சில் விரிவதும் பெருமளவு இதே இயல்பினால்தான். ஆனால் மலையுச்சியில் நுரையீரல் முழுவதிலும் ஆக்சிஜன் குறைவு. எனவே குழாய்கள் எங்கும் சுருங்குகின்றன, அதுவும் ஒரே அளவில் அல்ல. வாய்க்காலின் பெரும்பாலான மடைகளை அடைத்துவிட்டால் வெள்ளம் முழுவதும் திறந்திருக்கும் சில மடைகளில் பாய்ந்து கரையை உடைப்பதுபோல, அதிகம் சுருங்காத பகுதிகளின் மெல்லிய நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீரும் பின்னர் இரத்த அணுக்களும் காற்றறைகளுக்குள் கசிகின்றன. எக்ஸ்ரே படத்தில் திட்டுத்திட்டாக வெண்மை தெரிவது இதனால்தான். உடலுழைப்பும் குளிரும் அந்த அழுத்தத்தை மேலும் கூட்டும். ஓய்வு தருவதன் காரணம் அதுவே.

உயரத்துக்கு உடல் பெற்ற பழக்கம் சமவெளியில் சில வாரங்களிலேயே கரைந்துவிடுவதால், பழைய அனுபவம் திரும்பி வருபவரைக் காப்பதில்லை. 9,000 அடிக்கு மேல் புதிதாகச் செல்பவருக்கு முதல் கட்டமாக ஆறு நாட்களும், 12,000 அடிக்கும் 15,000 அடிக்கும் மேலே நான்கு நான்கு நாட்களும் இராணுவம் ஒதுக்குகிறது. நோய் வந்துவிட்டால் ஆக்சிஜன் தந்து உடனே கீழே இறக்குவதே முதன்மையான சிகிச்சை. சுருங்கிய குழாய்களைத் தளர்த்தும் நிஃபெடிபின் மாத்திரையும் உதவும்.

யாருக்கு இது வரும் என்பதைச் சமவெளியிலேயே எளிதாகச் சொல்லிவிடும் நம்பகமான சோதனை இன்றும் இல்லை. அதற்கான ஆய்வுக்குச் செலவிடும் பணத்தைப் பாதுகாப்புச் செலவாகவே கருத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உடல் வலிமை இந்நோயைத் தடுக்காது. ஆகவே சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவில் வறட்டு இருமல் தொடங்கினாலோ, கௌரவம் பார்த்து மறைக்காமல் அந்த இரவே மருத்துவரிடம் சொல்லிவிடும்படி மகனிடம் தொலைபேசியில் சொல்லுங்கள், அம்மா.