துருப்பிடிக்காத தகடு நெருப்புக்கு ஆகாது

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசிப் பக்கத்துத் தோட்ட வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் குளிர்காய இரும்புக் கணப்புத் தொட்டி வேண்டுமென்று எங்கள் வெல்டிங் பட்டறைக்கு ஆட்கள் வருவார்கள். கேட்பதில் தவறில்லை. கையோடு ஒரு பழைய ஜி.ஐ. டிரம்மையும் கொண்டுவந்து, "இதைப் பாதியாக வெட்டிக் கால் மட்டும் வைத்துக் கொடுங்கள் அண்ணாச்சி, இது துருவே பிடிக்காது" என்பதுதான் பொறுமையைச் சோதிக்கிறது. அண்மையில் நெல் கொட்டிவைத்த டிரம்மோடு வந்த ஒருவர், நான் மறுத்ததும் வேறு பட்டறைக்குப் போய்விட்டார். எங்கேயாவது வெட்டிக் கொடுத்திருப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஜி.ஐ. தகடு என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. அந்தப் பூச்சு மழையைத் தாங்குவதற்கானது, நெருப்பைத் தாங்குவதற்கானது அல்ல. துத்தநாகம் ஏறத்தாழ 420 டிகிரி செல்சியஸில் உருகி, 907 டிகிரியில் கொதிக்கும். சீமைக்கருவேல விறகு நன்றாகப் பிடித்துக் கங்கு நிறைந்துவிட்டால், தொட்டியின் அடிப்பகுதி முதல் எல்லையை எளிதில் தாண்டிவிடும். கொதிநிலையை எட்டும் முன்பே துத்தநாகம் ஆவியாகத் தொடங்கிவிடும். ஜி.ஐ. குழாயில் வெல்டிங் வைத்தவர்கள், வைத்த இடத்தைச் சுற்றி, ஆவியான துத்தநாகம் மாவாகப் படிந்து, சூட்டில் மஞ்சளாகத் தெரிந்து, ஆறியதும் வெளுப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்த மாவே புகையாக மூச்சில் போனால், சில மணி நேரம் கழித்துக் குளிர்சுரமும் உடல்வலியும் வாயில் உலோகச் சுவையும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்பதால், சாரலில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று எண்ணிக்கொள்வார்கள். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் இன்றும் சொல்கிறார்கள். புகை போனது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு.

இதைச் சொன்னால், "இரண்டு மூன்று முறை எரித்துவிட்டால் பூச்சு போய்விடுமே" என்று அடுத்த வாதம் வருகிறது. போகும், ஆனால் எங்கே போகும்? எரிக்கிற அந்த இரண்டு மூன்று முறையும் அருகில் நிற்பவரின் மூச்சுக்குள்தான் போகும். திறந்தவெளியில் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு ஆபத்து குறைவுதான். குனிந்து கோழி வாட்டுகிறவருக்கும், டிரம்மை வெட்டி வெல்டிங் வைக்கிற தொழிலாளிக்கும் அப்படியல்ல. சரி, பூச்சு போன பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது? துருவிலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லாத மெல்லிய தகடு. எந்தக் குணத்துக்காக ஜி.ஐ.யைத் தேர்ந்தெடுத்தீர்களோ அந்தக் குணத்தையே முதல் நெருப்பில் எரித்துவிட்டு, மறு சாரலுக்குள் அடி ஓட்டையான தொட்டியோடு நிற்பீர்கள்.

நீடித்து உழைக்க வேண்டுமானால் பூச்சில்லாத எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல் எனும் சாதாரண எஃகு) தகட்டை, 3 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 5 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். 3 அடி விட்டமும் ஒன்றேகால் அடி உயரமும் வீட்டுக்குப் போதும். அடித்தகட்டைச் சுற்றிலும் முழுமையாக வெல்டிங் வைக்கச் சொல்லாதீர்கள். அந்த அளவுத் தகடு 500 டிகிரி சூடேறினால் விட்டத்தில் ஏறத்தாழ 5 முதல் 6 மி.மீ. விரியும், விரிய இடமில்லாவிட்டால் தகடு உப்பி வளையும் அல்லது வெல்டிங் விடும். தொட்டியின் சுற்றுச்சுவரான வளையத்தின் உட்புறம் ஆங்கிள் (L வடிவ இரும்பு) துண்டுகளை வைத்து, அவற்றின்மேல் சற்றுச் சிறிய அடித்தகட்டைச் சும்மா அமர்த்தினால் போதும். அதில் தண்ணீர் வடியத் துளைகளும், பக்கவாட்டில் கீழ்ப்பகுதியில் காற்றுக்குத் துளைகளும் கட்டாயம். ஸ்கொயர் பைப்பைக் காலாக வைத்து இரு முனையையும் அடைக்கிறவர்கள், அதிலும் ஒரு துளை போடுங்கள். உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் ஆவியானால் பைப் வெடிக்கும். தொட்டி துருப்பிடிக்க மழையைவிடச் சாம்பலே பெரிய காரணம். நனைந்த சாம்பல் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு அடித்தகட்டைத் தின்றுவிடும். மறுநாள் ஆறியதும் அள்ளிவிடுங்கள்.

ரசாயனமோ எண்ணெயோ இருந்த டிரம்மை, காலியாக இருந்தாலும், கழுவியிருந்தாலும், கட்டிங் வீலால் தொடாதீர்கள். மடிப்புகளில் தங்கிய மிச்சம் ஆவியாகி, ஒரு பொறியில் டிரம் முழுவதும் வெடிக்கும். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

அழகுக்காகத் தாமிரபரணியில் பொறுக்கிய கூழாங்கற்களைத் தொட்டிக்குள் அடுக்காதீர்கள். உள்ளே நீர் ஊறிய கல் சூட்டில் சிதறும். சிமெண்டுத் தரையிலும் டைல்ஸிலும் வைக்காமல் மண்தரையில் வையுங்கள். ஓலைக்கூரையிலிருந்து பத்தடியாவது தள்ளி வையுங்கள். பணகுடி, ராதாபுரம் பக்கத்தில் ஆடிக் காற்று வீசும்போது பற்றவைக்கவே வேண்டாம். குளிர் தாங்கவில்லை என்று கங்கோடு தொட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்துவது தற்கொலைக்குச் சமம். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணம் கிடையாது. அணைப்பதற்குத் தண்ணீரை ஊற்றினால் பழுக்கக் காய்ந்த தகடு கோணிவிடும். மணலைப் போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போங்கள்.