எதிர்நோக்கு: சொல் விளக்கம்

எதிர்நோக்கு (பெயர்ச்சொல்): கடவுள் வாக்களித்த நன்மை இன்னும் கைக்கு வராதபோதும், அவர் தருவார் என்ற உறுதியில் அதை விரும்பிக் காத்திருத்தல், அந்த விருப்பத்துக்கு ஏற்ப இன்றே வாழ்தல். கிரேக்கத்தில் எல்பிஸ், இலத்தீனில் ஸ்பேஸ். கிறிஸ்தவ மறைக்கல்வி சொல்லும் மூன்று தேவ புண்ணியங்களில் இரண்டாவது இது. பழைய கிறிஸ்தவத் தமிழில் இதற்கு 'நம்பிக்கை' என்றே பெயர். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

வன்னிக் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் பூசைக்கு முன் சொல்லப்படும் செபமாலையைக் கேளுங்கள். தொடக்கத்தில் வரும் மூன்று 'அருள்நிறைந்த மரியே' செபங்களும் முறையே தேவ விசுவாசம், தேவ நம்பிக்கை, தேவசிநேகம் என்ற புண்ணியங்களுக்காகச் சொல்லப்படுகின்றன. இங்கே நம்பிக்கை இரண்டாவது. அரை மணி நேரம் கழித்து அதே கோயிலில் வாசகர் 1 கொரிந்தியர் 13:13ஐ வாசிக்கிறார்: "ஆக, நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகிய மூன்றும் நிலையாய் உள்ளன." இங்கே நம்பிக்கை முதலாவது. 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்ற புதிய மொழிபெயர்ப்பு, விசுவாசத்தின் இடத்தில் நம்பிக்கையை வைத்தது. நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கைக் கொண்டுவந்தது. பக்கத்து மெதடிஸ்த, அங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபைக் கோயில்களில் பழைய வேதாகமம் இன்னும் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு' என்றே வாசிக்கப்படுகிறது. ஆகவே 'கிறிஸ்தவ நம்பிக்கை' என்று மேடையில் ஒருவர் சொன்னால் கத்தோலிக்க இளையவருக்கு ஒரு பொருள், அவருடைய அம்மம்மாவுக்கு இன்னொரு பொருள், அடுத்த வாங்கில் இருக்கும் மெதடிஸ்தருக்கு அம்மம்மாவின் பொருள்.

விசுவாசம் வடசொல். பேச்சுத் தமிழில் அது வீட்டுநாய்க்கும் கட்சித் தொண்டனுக்கும் உரிய சொல்லாகத் தேய்ந்துவிட்டதால் அதை மாற்ற நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் நம்பிக்கையை அந்த இடத்துக்கு நகர்த்தியதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. "நம்பும் மேவும் நசையா கும்மே" என்கிறது தொல்காப்பியம். நசை என்றால் விருப்பம். பழந்தமிழில் நம்புதல் என்பது விரும்புதல். பிறகுதான் அது ஒருவர் சொல்லை மெய்யென்று ஏற்பதாயிற்று. அந்த வேரைப் பார்த்தால், எல்பிஸுக்கு 'நம்பிக்கை' என்று எழுதிய பழைய மொழிபெயர்ப்பாளர்கள் தவறவில்லை. பூகோளப் புத்தகத்தில் ஆபிரிக்காவின் தெற்கே இருக்கும் நன்னம்பிக்கை முனையிலும் அந்தப் பொருள்தான் நிற்கிறது.

எதிர்நோக்கு என்ற சொல்லுக்கு இலங்கையில் இன்னொரு சிக்கல். எங்கள் பத்திரிகைகளில் 'எதிர்நோக்குதல்' என்றால் இடரை எதிர்கொள்ளுதல்: 'குடிநீர்த் தட்டுப்பாட்டை எதிர்நோக்கும் கிராமம்', 'மீள்குடியேறியோர் எதிர்நோக்கும் பிரச்சினைகள்'. முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ இந்த வினையை வாரம் ஒரு தடவையாவது வாசிக்காதவர் இல்லை. அதே காதில் 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற 2025 யூபிலி ஆண்டின் கருப்பொருள் விழுந்தால், பிரச்சினைகளோடு பயணம் போகிறவர்கள் என்று ஒரு கணமாவது தோன்றாமல் இராது. இதைத் தவிர்க்க எளிய வழி, வினையைத் தனியே விடாமல் 'எதிர்நோக்கி இருக்கிறோம்', 'எதிர்நோக்கிக் காத்திருக்கிறோம்' என்று துணைவினையோடு எழுதுவது. '-ஐ எதிர்நோக்குகிறோம்' என்று முடித்தால் பத்திரிகைப் பொருள் முந்திவிடும். பெயர்ச்சொல்லாக வரும்போது இந்தச் சிக்கல் குறைவு.

'எதிர்பார்ப்பு' இதற்கு ஈடாகாது. எதிர்பார்ப்பு கணக்கில் நிற்பது: மழை பெய்யும், பெறுபேறு வரும், இழப்பீடு கிடைக்கும். நடக்காவிட்டால் பொய்த்துவிடும்.

எதிர்நோக்கின் உறுப்புகளைத் துல்லியமாகப் பிரித்தவர் 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமஸ் அக்குவினாஸ். அதன் இலக்கு நன்மையாக இருக்கவேண்டும். இனி வரப்போவதாக இருக்கவேண்டும். எட்டுவதற்கு அரியதாக இருக்கவேண்டும். ஆனால் இயலக்கூடியதாக இருக்கவேண்டும். நான்கில் ஒன்றை எடுத்தாலும் அது வேறொன்றாகிவிடும். நன்மைக்குப் பதில் தீமை வரப்போகிறது என்றால் அது அச்சம். கைக்கு வந்துவிட்டால் அது மகிழ்ச்சி. அதனால்தான் கண்ணால் காண்பதை யாரும் எதிர்நோக்குவதில்லை என்று உரோமையர் 8:24 சொல்கிறது. எட்டுவதற்கு அரியது என்பது போனால் வெறும் ஆசை. இயலாது என்று முடிவுகட்டினால் மனமுறிவு. போருக்குப் பிந்திய வன்னியில் பெரும்பாலும் அடிபடுவது இந்த நான்காவது உறுப்புத்தான். 'நல்லதை நினையுங்கோ' என்ற ஆறுதல் முதல் உறுப்பைத்தான் தட்டிக்கொடுக்கிறது. உடைந்திருப்பது அதுவல்ல என்பதால் அந்த ஆறுதல் ஒட்டுவதில்லை.

எபிரேயத்தில் எதிர்நோக்குக்கு 'திக்வா' என்ற சொல் உண்டு. அதற்குக் கயிறு என்றும் பொருள். யோசுவா 2ஆம் அதிகாரத்தில் இராகாபு சன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் இந்தச் சொல்லே வருகிறது. மறுமுனை கண்ணுக்குத் தெரியாமலே இழுத்துப் பிடித்திருக்கும் நிலை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

துன்பத்தோடு இந்தச் சொல்லைக் கட்டுவது உரோமையர் 5:3-5. திருவிவிலியத்தில்: "துன்பத்தால் மனஉறுதியும் மனஉறுதியால் தகைமையும் தகைமையால் எதிர்நோக்கும் விளையும்." 'தகைமை' என்றவுடன் எங்கள் ஆட்களுக்கு வேலை விளம்பரமும் சாதாரணதரப் பெறுபேறும் நினைவுக்கு வருவதைக் குறைசொல்ல முடியாது. கிரேக்கத்தில் அது 'தொகிமே': சோதித்துப் பார்த்துத் தேறிய தன்மை. பழைய வேதாகமம் அதைப் 'பரீட்சை' என்றது. அதுவும் பள்ளிக்கூடத்தைத்தான் நினைவூட்டும். 'புடம்போட்டுத் தேறிய நிலை' என்று வாய்மொழியாக விளக்கினால் எவருக்கும் விளங்கும்.

இந்த வசனத்தைப் பிரசங்கத்தில் அடிக்கடி கெடுப்பது, நடுக் கண்ணிகளைத் தாண்டி 'துன்பம் நம்பிக்கையைத் தரும்' என்று சுருக்குவது. உரோமையருக்கு இதை எழுதிய பவுல் அப்படிச் சொல்லவில்லை. துன்பம் தானாக எதையும் தருவதில்லை. தாங்கி நிற்பவருக்குள் ஒன்று வளர்கிறது, அதற்கும் காரணம் 5ஆம் வசனத்தில் இருக்கிறது: கடவுளின் அன்பு உள்ளத்தில் பொழியப்பட்டிருப்பது. அந்தக் காரணத்தை வெட்டிவிட்டால், ஷெல்லுக்குப் பிள்ளையைக் கொடுத்த தாயிடம் 'அது உமக்கு நல்லதுக்குத்தான்' என்று சொல்லும் இடத்தில்தான் வந்து நிற்போம். கிறிஸ்தவப் போதனை அதைச் சொல்லவில்லை; சொல்லவும் கூடாது.

எதிர்நோக்குக்கு எதிரான பாவங்கள் இரண்டு என்பது மறைக்கல்வி. ஒன்று அவநம்பிக்கை, அதாவது கடவுள் கைவிட்டார் என்று முடிவுகட்டுவது. மற்றது மிதமிஞ்சிய நம்பிக்கை, அதாவது நாம் ஒன்றும் செய்யாமலே எல்லாம் சரிவரும் என்றிருப்பது. முதலாவதைப் பற்றிப் பேசும் அளவுக்கு இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அழுகையும் முறையீடும் அவநம்பிக்கை ஆகா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். திருப்பாடல்களில் கணிசமானவை முறையீடுகள். கடவுளிடம் 'ஏன்?' என்று கேட்பவர் அவரிடம் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

மனிதரின் நற்குணத்தில் வைக்கும் நம்பிக்கையும் எதிர்நோக்கும் ஒன்றா? நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் (தொடக்கநூல் 1:27). பாவத்தால் அந்த இயல்பு காயப்பட்டது, முற்றாக அழியவில்லை என்பது கத்தோலிக்கப் போதனை. ஆகவே எந்த மனிதரிடமும் நன்மையைத் தேடலாம். ஆனால் எதிர்நோக்கின் பாரத்தை முழுவதும் அங்கே இறக்கக்கூடாது. மன்னார் மாவட்டத்தின் மடு மாதா திருத்தலத்தின் வரலாறு இரண்டுக்கும் சாட்சி. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய 17ஆம் நூற்றாண்டில் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தோடு காட்டுக்கு ஓடியவர்களின் அடைக்கலம் அது. 1990இல் இடம்பெயர்ந்தோருக்காக ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனம் அங்கே திறந்த நிவாரண மையம் ஒன்றை அமைத்தது. சைவரும் கத்தோலிக்கரும் ஒரே கொட்டில் வரிசையில் சமைத்து உண்ட இடம். அந்த அடைக்கலத்தின் மீதே 1999 நவம்பரில் ஷெல் விழுந்து மக்கள் மாண்டார்கள். 2008 ஏப்ரலில் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அதே ஆண்டு ஓகஸ்டில் திரும்பியது. மனித நன்மை அங்கே மெய்யாகவே இருந்தது. ஓர் இரவில் அது போதாமலும் போனது. எபிரேயர் 6:19 நங்கூரத்தைத் திரைக்கு அப்பால், கடவுளிடத்தில் இறக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

சொல்லைப் பயன்படுத்தும்போது மிகக் கவனம் வேண்டிய இடம், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர் போராட்டம் நடத்திய தாய்மாரிடம் 'எதிர்நோக்கோடு இருங்கோ அம்மா' என்றால், தேடுவதை விட்டுவிடச் சொல்வதாகவே கேட்கும். எதிர்நோக்கின் இறுதி இலக்கு நிலைவாழ்வு. பிள்ளை எங்கே என்ற கேள்விக்கு அது விடையல்ல, அந்தக் கேள்வியை நிறுத்தவும் அது சொல்லவில்லை. "நீதிநிலைநாட்டும் வேட்கை கொண்டோர் பேறுபெற்றோர்" என்பதும் அதே நற்செய்திதான். பூசைக் கருத்து, அதாவது யாருக்காகப் பூசை என்ற குறிப்பு, எழுதும்போதும் இதைக் கவனிக்கவேண்டும்: குடும்பம் மரணத்தை ஏற்றுக்கொள்ளாதவரை அந்தப் பெயரை 'இறந்தோர்' பட்டியலிலோ இறந்தோர் நினைவு நாளான நவம்பர் 2 ஆம் தேதிக்கான பட்டியலிலோ சேர்க்கக் கூடாது. உயிரோடு இருப்பவர்களுக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம். 'இன்னாருக்காகவும் அவரைத் தேடும் குடும்பத்துக்காகவும்' என்று எழுதினால் போதும்.

31ஆம் நாள் கல்வெட்டில், அதாவது இறந்தவரின் நினைவு மலரில், வசனம் அச்சிடுகிறவர்கள் எந்த மொழிபெயர்ப்பு என்று பார்த்துவிட்டே அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். பழைய வேதாகமத்தின் எபிரேயர் 11:1ஐ எடுத்து, விசுவாசம் என்ற சொல்லை மட்டும் நம்பிக்கையாக மாற்றிப் போட்டால் 'நம்பிக்கையானது நம்பப்படுகிறவைகளின் உறுதி' என்று சுற்றிவரும். இரண்டு சொற்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு அச்சில் காணாமல் போய்விடும். திருவிவிலியத்தின் வரியையே முழுதாக எடுத்தால் சரி: "நம்பிக்கை என்பது நாம் எதிர்நோக்கி இருப்பவை கிடைக்கும் என்னும் உறுதி." பல சபையினர் கூடும் நினைவு வழிபாடு என்றால் வாசகத்துக்கு முன் ஒரே ஒரு வரி சொல்லலாம்: 'இங்கே எதிர்நோக்கு என்று வருவது, பழைய வேதத்தில் நம்பிக்கை என்று வந்தது.' விளக்கவுரைக்கு அந்த இடம் பொருந்தாது. வந்திருப்போர் பலர் சைவர்களாகவும் இருப்பர், அவர்களுக்கு அந்த ஒரு வரியே போதும்.