பின்சீட்டில் ஒரு பலாப்பழம்

கொல்லிமலைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு இறங்குவதில்லை. சோளக்காட்டில் வண்டியை நிறுத்தி, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து ஒரு பலாப்பழம் வாங்கிவிடுவோம். டிக்கியில் துணிப்பெட்டிகள் அடைத்திருக்கும். அதனால் 10 கிலோ பழம் பின்சீட்டில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். காரவள்ளிக்கு இறங்கி முடிக்கும் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு பழம் புரண்டு படுக்கும், பாட்டி கையால் அணைத்துப் பிடித்துக்கொள்வார்.

அந்தக் கை எவ்வளவு தாங்கும்?

கார் 50 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால், உள்ளே இருக்கும் பாட்டி, பழம், தண்ணீர் பாட்டில், செல்போன் எல்லாமே அதே 50 கி.மீ. வேகத்தில்தான் போகின்றன. பிரேக் பிடிப்பது சக்கரங்களை மட்டுமே. பழத்தைப் பிடித்து நிறுத்த சீட் துணியின் உராய்வைத் தவிர வேறெதுவும் இல்லை. பள்ளியில் ‘நிலைமம்’ என்று படித்தோமே, 1687-இல் நியூட்டன் எழுதிவைத்த முதல் விதி, அது இதுதான். “பாட்டில் பறந்து வந்து மண்டையில் அடித்தது” என்று சொல்வோம். உண்மையில் பாட்டில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. நின்றது கார்.

50 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதும் காரின் முன்பகுதி சுமார் 60 செ.மீ. நசுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நசுங்க வேண்டும் என்றே அதை அப்படி வடிவமைக்கிறார்கள். மெர்சிடீஸ் நிறுவனத்தில் பேலா பாரேனி என்ற பொறியாளர் 1950-களில் வளர்த்தெடுத்த யோசனை இது. பெல்ட் போட்டவர் காரோடு கட்டுண்டிருப்பதால் அந்த 60 செ.மீ. தூரம் அவருக்கும் கிடைக்கிறது. அப்போதும் அவர் உடல்மேல் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு அழுத்தம் வரும். பழத்தை அணைத்திருக்கும் பாட்டியின் கையோ 160 கிலோவைப் பிடித்து நிறுத்த வேண்டும், அதுவும் பத்தில் ஒரு நொடிக்குள். 10 கிலோ குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்மாவுக்கும் கணக்கு இதேதான். முன்சீட்டில் மடிக்குழந்தையோடு போகும் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கட்டப்படாத பொருளுக்கு அந்த 60 செ.மீ. தூரம் கிடையாது. பின்னாலிருந்து கிளம்பிய 1 லிட்டர் பாட்டில் முன்னே வந்து சேர்வதற்குள் கார் நின்றுவிட்டிருக்கும். பாட்டில் முழு வேகத்தோடு வந்து மோதும். மோதிய இடத்தில் 2 செ.மீ. தூரத்துக்குள் அது நின்றால், அங்கே விழும் அடி கிட்டத்தட்ட அரை டன். உயரக் கணக்கில் சொன்னால், 40 கி.மீ. வேகத்தில் வரும் பொருளின் அடி இரண்டு மாடி உயரத்திலிருந்து விழும் பொருளின் அடிக்குச் சமம். நாமக்கல் தாண்டி நாற்கரச் சாலையில் ஏறி 80 தொட்டால், அது எட்டு மாடி. வேகம் இரு மடங்கானால் அடி நான்கு மடங்காகும்.

மோதினால்தான் ஆபத்து என்றும் இல்லை. என்னைக் கேட்டால் பலாப்பழத்தைவிட, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் உருளும் காலி பாட்டில்தான் பயங்கரம். இறக்கத்தில் காரின் தரையே முன்பக்கம் சரிந்திருக்கும். பிரேக் மிதிக்க மிதிக்க பாட்டில் முன்னால் வரும். அதைக் கூட்டி வருவதே பிரேக்தான். முதல் வளைவில் குதிகாலைத் தொடும். அடுத்த வளைவுக்குள் பெடலுக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டால் பிரேக் பாதியோடு நின்றுவிடும். குனிந்து எடுக்கலாம் என்று நினைக்கும் நொடியில் கண் சாலையில் இருக்காது.

டேஷ்போர்டின் இடப்பக்கம் பிள்ளையார் சிலை ஒட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பல கார்களில் அந்த இடத்துக்குக் கீழேதான் ஏர்பேக் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முப்பதில் ஒரு பங்கு நொடியில் அது வெடித்து விரியும்போது மேலே இருப்பதை எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தை நோக்கி எறியும். பிள்ளையாருக்கு வேறு இடம் பார்க்க வேண்டும்.

பாரமான பொருளுக்கு உரிய இடம் டிக்கியின் தரை, பின்சீட்டின் முதுகோடு ஒட்டி. ஐ.நா.வின் 17-ஆம் எண் வாகன விதிமுறைப்படி, 18 கிலோ கட்டைகள் இரண்டை 50 கி.மீ. வேகத்தில் பின்சீட்டின் முதுகில் மோதவிட்டுச் சோதிக்கிறார்கள். அந்த முதுகுக்கு மேலே அடுக்கிய பெட்டியைத் தடுக்க எதுவும் இல்லை. பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையும் அப்படித்தான். குடைகூட வைக்கும் இடமல்ல அது.

காருக்குள் கட்டப்படாமல் கிடப்பவற்றில் பெரும்பாலும் மிகக் கனமானது, பெல்ட் போடாமல் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். 60 கிலோ உடல் முன்சீட்டின் முதுகில் மோதினால், முன்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவரும் நடுவில் நசுங்குவார். நம் நாட்டு விதிகளில் பின்சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். எனவே சோளக்காட்டில் பழம் வாங்கிய கையோடு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு துணிப்பெட்டியைப் பின்சீட்டுக்கு மாற்றி, அதன்மேல் பெல்ட்டை இழுத்து மாட்டுங்கள். பலாவைச் சாக்கில் சுற்றி டிக்கியின் அடியில் இறக்குங்கள். பாட்டிக்கு பெல்ட் கொக்கி எட்டாது, நீங்களே மாட்டிவிடுங்கள்.