எச்.ஐ.வி.யும் மனச்சோர்வும்: மாத்திரை குறைத்தது எவ்வளவு, மிச்சம் எங்கே?

1985ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் எய்ட்ஸ் உறுதியான ஆண்களில் எத்தனை பேர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று ஒரு கணக்கு எடுத்தார்கள். அந்த நோய் இல்லாத 20 முதல் 59 வயது ஆண்களோடு ஒப்பிட்டால் விகிதம் 36 மடங்கு. அன்றைய நிலைமையில் இது யாரையும் பெரிதாக ஆச்சரியப்படுத்தவில்லை. மருந்து கிடையாது. நோய் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் ஓரிரு வருடம் தாக்குப்பிடிப்பதே அபூர்வம்.

1996இல் கூட்டு மருந்து சிகிச்சை வந்தது. மரணத்துக்கு நாள் குறித்த நோய், மாத்திரை போட்டால் கட்டுக்குள் நிற்கும் நோயாக மாறியது. தற்கொலையும் குறைந்ததா? சுவிட்சர்லாந்தில் 1988 முதல் 2008 வரை 15,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து இதற்குப் பதில் கண்டுபிடித்தார்கள். மருந்துக்கு முந்தைய காலத்தில் எச்.ஐ.வி. உள்ள ஆண்களின் தற்கொலை விகிதம் பொதுமக்களைப் போல 13.7 மடங்கு. மருந்து வந்த பிறகு 3.5 மடங்கு. பெண்களிடம் 11.6லிருந்து 5.7. எந்த மனநல மருத்துவரையும் பார்க்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த இறக்கம். வைரஸை அடக்கியதே மனத்துக்கும் ஒரு மருந்தாக இருந்திருக்கிறது.

சரி, ஆனால் 3.5 என்பது 1 இல்லையே. அந்த மிச்சம் எங்கே ஒளிந்திருக்கிறது?

ஒரு பகுதி எச்.ஐ.வி.க்கு முன்பே இருந்தது. சுவிஸ் ஆய்வில் தற்கொலை செய்துகொண்டவர்களில் 62 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை பதிவாகியிருந்தது. போதை ஊசிப் பழக்கம், சமூகம் ஒதுக்கும் பாலின அடையாளம், தனிமை, இவையெல்லாம் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பையும் கூட்டும், மனச்சோர்வையும் கூட்டும். அதனால் எல்லாப் பழியையும் வைரஸ் தலையில் போட முடியாது.

ஆனால் வைரஸுக்கும் நேரடிப் பங்கு உண்டு. தொற்று ஏற்பட்ட எட்டாவது நாளிலேயே மூளைத் தண்டுவட நீரில் வைரஸ் இருந்ததைத் தாய்லாந்தில் கண்டிருக்கிறார்கள். ரத்தத்திலிருந்து மூளைக்குக் கண்டதும் போகாதபடி ஒரு தடுப்புச் சுவர் இருக்கிறது. அதைத் தாண்ட அனுமதி உள்ளவை மோனோசைட் என்ற வெள்ளணுக்கள். ஊழியரின் பைக்குள் ஒளிந்து அலுவலகத்துக்குள் நுழைகிற மாதிரி, வைரஸ் அவற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு உள்ளே போய்விடுகிறது. உள்ளே போனதும் அது நரம்பு செல்களைத் தாக்குவதில்லை. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியாவில்தான் குடியேறுகிறது. அந்தக் காவல் செல்கள் உசுப்பிவிடப்பட்டு, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன. பக்கத்தில் இருக்கும் நரம்பு செல்கள் அதில் அடிபடுகின்றன.

இந்த அழற்சி மனநிலையை எப்படித் தொடுகிறது என்பது எனக்கு இந்த விஷயத்திலேயே பிடித்த பகுதி. பருப்பு, முட்டை, பால் எல்லாவற்றிலும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. மூளை அதிலிருந்துதான் மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனினைத் தயாரிக்கிறது. அழற்சி கூடும்போது ஐ.டி.ஓ. என்ற நொதி வேகம் பிடித்து, டிரிப்டோஃபானை கைனுரெனின் என்ற வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. செரட்டோனினுக்கான மூலப்பொருள் குறைகிறது. அதோடு, திருப்பிவிடப்பட்ட பாதையில் குவினோலினிக் அமிலம் உண்டாகிறது, அது நரம்பு செல்களுக்கு நஞ்சு. சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல், எதிலும் ஈடுபாடு இல்லாமல் ஒருவர் கிடந்தால் அதை 'மனசு விட்டுட்டார்' என்று மட்டும் பார்ப்பது தவறு. உடம்புக்குள் வேதியியல் நடந்துகொண்டிருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போட்டால் அழற்சி பெருமளவு தணியும், ஆனால் பலருக்கு முழுதாக அணைவதில்லை.

அடுத்து மாத்திரையே. இந்தியாவில் பல வருடம் முதல் வரிசை சிகிச்சையில் இருந்தது எஃபாவிரன்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த மாத்திரை. ராத்திரி படுக்கும்முன் போடச் சொல்வார்கள். தலைசுற்றும், விசித்திரமான கனவுகள் வரும். போட்டவர்களைக் கேட்டால் கனவைக் கதை கதையாகச் சொல்வார்கள். இது மூளைக்குள் நன்றாக ஊடுருவும் மருந்து, செரட்டோனின் ஏற்பிகளில் ஒன்றைத் தொடவும் செய்கிறது. 5,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற நான்கு மருந்து ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2014இல் அலசியபோது, தற்கொலை எண்ணம், முயற்சி, மரணம் மூன்றும் சேர்ந்த கணக்கு எஃபாவிரன்ஸ் போட்டவர்களிடம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. எல்லா ஆய்வுகளிலும் இதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறப்பிலேயே மந்தமாக இருக்கும், அவர்கள் ரத்தத்தில் மருந்து தேங்கும். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் குறைவில்லை.

2019இல் உலக சுகாதார நிறுவனம் டோலுடெக்ராவிர் என்ற மருந்தை முதல் தேர்வாக அறிவித்தது. அதன் பிறகு இந்தியாவில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையங்களும் அதற்கு மாறின. இதிலும் சிலருக்குத் தூக்கம் கெடும். காலையில் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். காசநோய் சேர்ந்து வந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோசெரின் மனநிலையைப் பலமாகக் குலைக்கக் கூடியது. எதுவானாலும் மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் மையத்தில் போய்ச் சொல்வதுதான் வழி. மாற்று மருந்து அங்கே இருக்கிறது.

மூளை, மாத்திரை இரண்டையும்விட மிச்சத்தில் பெரிய பங்கு மூன்றாவதுக்குத்தான் என்பது என் கணிப்பு. ரகசியம்.

மையத்தில் தரும் டப்பாவில் 30 மாத்திரை இருக்கும். பையில் போட்டுக்கொண்டு நடந்தால் கலகலவென்று சத்தம் வரும். அதற்காக உள்ளே பஞ்சு திணிப்பவர்கள் உண்டு. லேபிளைக் கிழித்துவிட்டு சத்து மாத்திரை டப்பாவுக்கு மாற்றுபவர்கள் உண்டு. வரிசையில் தெரிந்த முகம் நின்றுவிடுமோ என்று சொந்த ஊர் மையத்தை விட்டுவிட்டு அடுத்த மாவட்டத்துக்கு பஸ் ஏறுவார்கள். கல்யாண வீட்டில் தங்க நேர்ந்தால் அன்று ராத்திரி மாத்திரை கிடையாது. 'எதுக்குப்பா மாத்திரை?' என்று சித்தி கேட்டால் 'கேஸ் ட்ரபிள் சித்தி' என்று ஒரு பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்க வேண்டும். இதை ஒரு நாள் செய்யலாம். வருடக்கணக்கில் செய்வது மனிதனை உள்ளிருந்து தின்றுவிடும்.

2008இல் இந்தியாவில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. ஒருவருக்கு நேரடியாக அவமானம் நடந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வேறொருவரை ஆஸ்பத்திரியில் தொட மறுத்தார்களாம், வீட்டில் தனித் தட்டு வைத்தார்களாம் என்று காதில் விழுந்தாலே போதும். 'ஊர் இப்படித்தான்' என்ற முடிவுக்கு மனம் வந்துவிடுகிறது. உடனே மறைக்கத் தொடங்குகிறது. மறைப்பது கூடக்கூட மனச்சோர்வும் கூடுகிறது. மறைப்பவரிடம் 'எப்படி இருக்கே?' என்று கேட்க ஆளே இருக்காது என்பதுதான் இதில் மோசம்.

இங்கே ஒரு சுழல் உருவாகிறது. மனச்சோர்வில் மாத்திரை தவறும். மாத்திரை தவறினால் வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறும். வைரல் லோடு ஏறினால் அழற்சி ஏறும், அழற்சி மறுபடி மனத்தை அழுத்தும். எந்தப் புள்ளியில் வேண்டுமானாலும் இதை அறுக்கலாம் என்பது நல்ல செய்தி.

எப்போது மிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? முதல் வருடம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 முதல் 2012 வரை பார்த்ததில், எச்.ஐ.வி. உள்ள ஆண்களின் தற்கொலை விகிதம் மொத்தத்தில் பொதுமக்களைப் போல சுமார் இரண்டு மடங்கு. நோய் தெரியவந்த முதல் வருடத்தில் மட்டும் ஐந்து மடங்கு. மருந்து இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், மருந்து பலன் தரும் காலத்தில் இப்படி. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ரிசல்ட் சொல்லும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒருவர் காதில் 'எச்.ஐ.வி.' என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் ஏறுவதில்லை. 'மாத்திரை போட்டா நல்லா இருக்கலாம்' என்று கவுன்சிலர் சொல்லியிருப்பார். ஒரு வாரம் கழித்து மறுபடி சொன்னால்தான் அது கேட்கும்.

அந்த முதல் வருடத்திலேயே கட்டாயம் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. தொடர்ந்து மாத்திரை போட்டு வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து உடலுறவு மூலம் எச்.ஐ.வி. பரவாது. ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள நூற்றுக்கணக்கான தம்பதிகளை, இணைகளை ஐரோப்பாவில் பல வருடம் கவனித்து இதை உறுதிப்படுத்தினார்கள். அப்படி வைரஸ் அடங்கியவரிடமிருந்து துணைக்குத் தொற்று போனது பூஜ்யம். 'என்னால் இன்னொருத்தருக்கு ஆபத்து' என்ற பாரத்தை இறக்கிவைக்க இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. ஆனாலும் பலருக்கு இது சொல்லப்படாமலே போகிறது.

மனநல மருத்துவர் இல்லாத ஊரில் என்ன செய்வது? ஜிம்பாப்வே ஒரு வழி கண்டுபிடித்தது. மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, ஹராரே நகர ஆரம்ப சுகாதார நிலையங்களின் வெளியே மர பெஞ்சுகளைப் போட்டு, அந்தப் பகுதிப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து உட்காரவைத்தார். பாட்டி காது கொடுத்துக் கேட்பார், இருக்கும் பிரச்சினைகளில் எதை முதலில் எடுக்கலாம் என்று சேர்ந்து யோசிப்பார். 2016இல் வந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பத்தில் நான்கு பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட பெஞ்சில் உட்கார்ந்தவர்களிடம் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் பல மடங்கு குறைவு.

'தற்கொலை பற்றிக் கேட்டால் நாமே எண்ணத்தை விதைத்த மாதிரி ஆகிடாதா?' என்று பலரும் தயங்குகிறார்கள். ஆகாது. கேட்டதால் எண்ணம் கூடியதாக ஆய்வுகளில் தெரியவில்லை, பாரம் இறங்கியதாகச் சொன்னவர்கள்தான் அதிகம். சுற்றி வளைக்காமல், 'செத்துடலாம்னு தோணுதா?' என்றே கேட்கலாம். தோணுது என்றால் திட்டாமல், உபதேசம் செய்யாமல், தனியே விடாமல் பக்கத்தில் இருந்து உதவிக்கு அழைத்துப் போக வேண்டும். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலவற்றை ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்தே போடலாம், ஆனால் மருத்துவரிடம் இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சென்னையில் கண்டுபிடித்தது 1986இல். அதே வருடம் அதே சென்னையில்தான் தற்கொலைத் தடுப்புக்கான சினேகா அமைப்பும் தொடங்கியது. இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரலில் தாம்பரத்தில் கிடைக்க ஆரம்பித்தது. 2017இன் எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதும், அதை வைத்து வேலையிலோ ஆஸ்பத்திரியிலோ பாகுபாடு காட்டுவதும் கூடாது. அதே வருடத்து மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, அவருக்கு உதவ வேண்டும் என்கிறது.

டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழக சுகாதார உதவி எண் 104. சினேகா 044-24640050. எச்.ஐ.வி. பற்றிய கேள்விகளுக்கு 1097. மனநல உதவிக்கு அழைக்கும்போது எச்.ஐ.வி. இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.