சௌவின் என்றால் பேய்த் திருவிழா இல்லை

அக்டோபர் கடைசி வாரம் வந்தால் போதும், இந்தத் தப்பு மறுபடி கிளம்பிவிடுகிறது. இங்கிலாந்தில் கிளம்பிய புதுச் சமயமான விக்காவைச் சேர்ந்தவர்களின் சௌவின் என்ற பருவ விழாவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஆங்கில எழுத்தைப் பார்த்து 'சம்ஹைன்' என்று பெயரைப் போடுகிறார்கள், பக்கத்திலேயே 'அதாவது பேய்த் திருவிழா' என்று ஒரு விளக்கத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். பெயரும் தப்பு, விளக்கமும் தப்பு. ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போட்டு, இப்போது இதுதான் சரியான தமிழ் என்று வாசகர்களே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.

முதலில் பெயர். இது ஐரிஷ் மொழிச் சொல். அந்த மொழியில் 'ம்' எழுத்தோடு 'ஹ்' எழுத்து சேர்ந்து வந்தால் அது 'வ்' ஒலியாக மாறும். நீவ் என்ற பெண் பெயரைக்கூட ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'நியாம்ஹ்' என்றுதான் படிக்கத் தோன்றும். ஆக, ஏறக்குறைய 'சௌவின்' என்று சொல்ல வேண்டும். ஐரிஷில் நவம்பர் மாதத்துக்கே இன்றும் இதுதான் பெயர். சிலர் 'சாவின்' என்று எழுதுகிறார்கள். ஒலி கிட்டத்தட்ட சரிதான், ஆனால் தமிழில் படிக்கிறவருக்கு அது 'சாவு' என்ற சொல்லோடு 'இன்' சேர்ந்ததாகத்தான் தெரியும். 'சாவின் விழா' என்று தலைப்பு வைத்தால் அப்புறம் என்ன விளக்கினாலும் எடுபடாது. அதனால் 'சௌவின்' என்றே எழுதுவோம்.

சொல்லின் வேர் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பழைய ஐரிஷ் உரைகாரர்கள் இதை 'சம்' என்றும் 'ஃபுயின்' என்றும் பிரித்து, வேனிலின் முடிவு என்று பொருள் சொன்னார்கள். இக்கால மொழியியலாளர்களில் சிலர் 'ஒன்றுகூடல்' என்ற பொருளுள்ள ஒரு வேரைக் காட்டுகிறார்கள். பிரான்சில் கொலிஞி என்ற ஊரில் 1897-ல் கிடைத்த வெண்கல நாட்காட்டியில் 'சமோனியோஸ்' என்று ஒரு மாதப் பெயர் இருக்கிறது, அதையும் இதோடு சேர்த்துப் பார்ப்பார்கள். எந்த வழியில் போனாலும் வேனில் வருகிறது, கூட்டம் வருகிறது. பேய் எங்கும் வரவில்லை.

அப்படியானால் 'சம்ஹைன் என்ற மரண தேவனின் விழா' என்ற கதை எங்கிருந்து வந்தது? 18-ஆம் நூற்றாண்டில் சார்லஸ் வாலன்சி என்ற ராணுவப் பொறியாளர் அயர்லாந்துப் பழமைகளைப் பற்றி நிறைய எழுதினார், அதில் கற்பனையும் நிறைய. சௌவினை ஒரு தெய்வத்தின் பெயராக ஆக்கியதில் அவர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படி ஒரு மரண தேவன் பழைய ஐரிஷ் கதைகளில் கிடையாது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழைய பிழையைத்தான் இன்றைக்கும் தமிழில் புதுச் செய்தியாகத் தருகிறார்கள்.

பழைய அயர்லாந்தில் இது மாடு மேய்க்கிறவர்களின் ஆண்டுக் கணக்கு. வேனில் மேய்ச்சலுக்கு மேட்டு நிலத்துக்குப் போன மாடுகள் இந்த நாளையொட்டிக் கீழே இறங்கும். குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியாதவற்றை அறுத்துவிடுவார்கள். தாரா குன்றில் பெருங்கூட்டமும் விருந்தும் நடந்ததாகக் கதைகள் சொல்கின்றன. ஒவ்வொரு சௌவினுக்கும் அய்லென் என்ற மாயக்காரன் வந்து, இசையால் எல்லாரையும் தூங்கவைத்துத் தாராவைக் கொளுத்துவான், ஃபின் என்ற வீரன் அவனைக் கொல்வான் என்று ஒரு கதையும் உண்டு. அச்சம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அய்லென் செத்துப்போய் அலைகிற ஆவி இல்லை. மண்மேடுகளுக்குள் வாழ்கிறவர்களாகச் சொல்லப்படும் வேறோர் இனத்தைச் சேர்ந்தவன். அவனையும் பேய்க் கணக்கில் சேர்ப்பது சரியில்லை.

இனி விக்கா. இந்தச் சமயத்தை 1950-களில் இங்கிலாந்தில் வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர். இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. சூனியத் தடைச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகுதான் இவரால் வெளிப்படையாக எழுத முடிந்தது. விக்கா சமயத்தார் ஆண்டை ஒரு சக்கரமாகப் பார்த்து அதில் எட்டு விழாக்களை வைக்கிறார்கள். அவற்றுள் சௌவின் அக்டோபர் 31 இரவு வருகிறது. அன்றைக்கு அவர்களின் ஆண் தெய்வம் இறந்துவிடும், டிசம்பரில் பகல் மறுபடி நீளத் தொடங்கும் நாளில் மறுபடி பிறக்கும். பலர் இதையே ஆண்டுப் பிறப்பாகவும் கொள்கிறார்கள்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பீடத்தில் இறந்துபோன பாட்டி, தாத்தா, நண்பர் ஆகியோரின் படங்கள். அந்த ஆண்டில் போனவர்களின் பெயரை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்வார்கள். ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி, வருகிறவர்களுக்கு வழி தெரிய. அப்புறம் மௌன விருந்து: மேசையில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதன் முன்னால் தட்டு வைத்து, இறந்தவருக்குப் பிடித்ததைப் பரிமாறுவார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சில வீடுகளில் இனிப்பை முதலில் வைத்து வரிசையையே தலைகீழாக்குவார்கள். ஆப்பிளைக் குறுக்காக வெட்டி, நடுவில் விதைகள் ஐந்து முனை நட்சத்திரமாக இருப்பதைக் காட்டுவதும் உண்டு.

இதற்கா பேய்த் திருவிழா என்று பெயர்? தமிழில் பேய் என்றால் பிடிக்கும், ஆட்டும். வேப்பிலை அடித்து விரட்டுவோம். பாட்டிக்குச் சோறு வைத்துக் காத்திருப்பவரிடம் போய் 'உங்கள் வீட்டில் பேய் விழாவா?' என்று யாராவது கேட்பார்களா? செத்துப்போன நம் வீட்டாரை நாம் பேய் என்று சொல்வதில்லை. ஊரார் அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவோம். அந்த மரியாதை அவர்கள் வீட்டாருக்கும் உண்டு. 'சூனியக்காரிகளின் புத்தாண்டு' என்ற பெயரும் இதே கதைதான். சூனியம் என்றால் தமிழில் அடுத்தவரைக் கெடுக்க வைப்பது. யாருக்கும் தீங்கு வராத வரை விரும்பியதைச் செய் என்பதை அடிப்படை நெறியாக வைத்திருக்கிறவர்களுக்கு அந்தப் பட்டத்தைக் கட்டுவது அநியாயம். ஆண்களும் பெண்களுமாகக் கொண்டாடும் விழாவில் 'காரிகள்' மட்டும் எப்படி வந்தார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

சரி, வேறு சொற்கள்? 'கல்லறைத் திருநாள்' என்று சிலர் போடுகிறார்கள். அது நவம்பர் 2-ல் கத்தோலிக்கர்கள் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றும் நாள், தமிழில் ஏற்கெனவே அவர்களுடைய பெயர். அதைப் பிடுங்கி இன்னொரு சமயத்துக்குக் கொடுக்க முடியாது. 'மேலைநாட்டு மகாளயம்' என்பதும் அப்படித்தான். மகாளயத்தில் அமாவாசை இருக்கிறது, எள்ளும் தண்ணீரும் இருக்கிறது, இங்கே இரண்டும் இல்லை. 'தென்புலத்தார் விழா' என்று தூய தமிழ் ஆர்வலர்கள் சொல்லும்போது எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது, வள்ளுவர் கையாண்ட சொல் ஆயிற்றே. ஆனால் இறந்தவர்கள் தெற்கே இருக்கிறார்கள் என்பது நம் நம்பிக்கை. விக்காக்காரர் தலையில் நம் திசையை ஏற்றக் கூடாது. தமிழாக்குவது என்றால் நம்மிடம் இருக்கும் ஒன்றை அவர்கள் மேல் போர்த்துவது என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

'கூதிர் விழா' என்பது இவற்றில் நல்ல முயற்சி. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்பதால் காலம் பொருந்துகிறது. ஆனால் ஒரு சிக்கல். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருக்கும் விக்கா சமயத்தார் பலர் சௌவினை ஏப்ரல் கடைசியில் கொண்டாடுகிறார்கள், அவர்களுக்குக் குளிர் நெருங்குவது அப்போதுதான். நம் மாதங்களோடு கட்டிப்போட்ட சொல் அங்கே போனதும் பொய்யாகிவிடும்.

அதனால் என் பரிந்துரை 'வேனிலிறுதி'. பழைய உரைகாரர்கள் சொன்ன பொருளை அப்படியே தருகிறது, டப்ளினிலும் பொருந்தும், மெல்போர்னிலும் பொருந்தும், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். விழாவின் பெயராகச் 'சௌவின்' இருக்கட்டும், முதல் முறை வரும்போது மட்டும் 'விக்கா சமயத்தார் இறந்தோரை விருந்துக்கு அழைக்கும் வேனிலிறுதி விழாவான சௌவின்' என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு சௌவின் என்றாலே போதும். ஹாலோவீனை இதோடு குழப்பவும் வேண்டாம். அந்தப் பெயர் கிறித்தவர்களின் புனிதர் அனைவர் நாளுக்கு முந்தைய இரவைக் குறிப்பது. இரண்டும் ஒரே இரவில் வருகின்றன, பழக்கங்கள் ஒன்றோடொன்று கலந்தும் இருக்கின்றன, அதற்காக ஒரே சொல்லால் இரண்டையும் எழுதிவிட முடியாது. அதே எட்டு விழாக்களில் ஒன்றாக ஆகஸ்டில் வரும் லூனசாவை 'லுக்நசாத்' என்று எழுதுகிறவர்களும் எழுதுவதற்கு முன் ஒரு ஐரிஷ்காரர் அதைச் சொல்வதை ஒரு தடவை கேட்டுவிட்டு எழுதட்டும்.